கடைசிக்கு முந்தின வண்டி

ஊர் சுற்றிப் பார்க்க அனுப்புகிற தொழில் என்றுதான் எங்கள் போர்டில் எழுதியிருக்கிறது. ஆனால் வேலையில் முக்கால் பங்கு, "இன்றைக்குப் போகாதீர்கள்" என்று சொல்வதுதான். நீங்களும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் கோபத்தை மாதச் சம்பளத்துக்கு வாங்கிக்கொள்கிறவர் என்றால், இதைப் படிக்கும்போது உங்கள் காதும் கொஞ்சம் சூடாகும். ஒரே ஒரு புயல் வாரத்தில் நடந்தவற்றை மட்டும் எழுதுகிறேன். ஆட்களின் பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். நேரங்களை மாற்றவில்லை.

இரண்டு மேசை ஆபீஸ்

எங்கள் ஆபீஸ் பெரிய முதலியார்சாவடியில், ஈ.சி.ஆர். ஓரமாக ஒரு மாடியில் இருக்கிறது. இரண்டு மேசை. ஒன்றில் பஷீர் பாய், கூனிமேட்டுக்காரர், இருபது வருடமாக டிக்கெட் போடுகிறவர். இன்னொன்றில் நான். கல்லூரியில் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்து இரண்டு பரீட்சை பாஸ் செய்திருந்தேன். அந்த ஒரு தகுதியால் ஜப்பான் போகிறவர்கள் எல்லோரும் என் மேசைக்கு வந்துவிட்டார்கள். நான் ஜப்பானைப் பார்த்ததில்லை. விமானத்தின் உள்பக்கத்தையும் பார்த்ததில்லை. மரக்காணத்தில் என் அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறார்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தப்பாக ஏதாவது சொல்லிவிடுவேனோ என்ற பயம் எனக்கு வேலையில் சேர்ந்த நாள் முதல் உண்டு. ஒரு ரயில் நேரத்தை மூன்று தடவை பார்த்தபிறகுதான் வாடிக்கையாளரிடம் சொல்வேன்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே பாய் எனக்கு ஒரு பாடம் சொன்னார். யாரையும் அன்றைய கடைசி வண்டியில் அனுப்பக்கூடாது. அது பஸ்ஸோ ரயிலோ கப்பலோ, அட்டவணையில் கடைசியாக இருப்பதை நாம் கையாலேயே மறைத்துவிட வேண்டும். எனக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மழை நாளில் திண்டிவனத்தில் கடைசி பஸ்ஸுக்கு நின்று, அது வராமலே போய், அப்பாவோடு ஈரத்துணியோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தவள் நான். தலையாட்டினேன். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "கடைசி வண்டின்னு ஒண்ணு கெடையாதும்மா. அதுக்கு முந்தினதுதான் கடைசி. அது போயிட்டா, அன்னிக்கு வண்டியே இல்ல."

தீபாவளிக்கு அப்புறம் என்றிருந்த பயணம்

ஏழுமலையும் அஞ்சலையம்மாவும் கிளியனூர் பக்கத்து விவசாயிகள். மகன் விக்னேஷ் இரண்டு வருடமாக ஜப்பானின் தென்கோடியில், ககோஷிமா என்ற ஊரில், உணவுத் தொழிற்சாலை வேலையில் இருந்தான். தீபாவளி முடிந்து அவனைப் போய்ப் பார்ப்பதற்காக எங்களிடம்தான் விசா எடுத்தார்கள். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்த அன்று அஞ்சலையம்மா அதைத் தடவித் தடவிப் பார்த்தது நினைவிருக்கிறது. புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை காலை, ஆபீஸ் திறக்கும்போதே இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். விக்னேஷுக்கு மூளையில் ரத்தக்கசிவு. வேலையிலிருந்து அறைக்கு வந்தவன் சுருண்டு விழுந்துவிட்டான். கூட இருக்கிற தினேஷ் என்ற தமிழ்ப் பையன்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீட்டுக்குப் போன் செய்திருக்கிறான். இன்னும் நினைவு திரும்பவில்லை.

தேதியை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். மறுநாள் இரவு சென்னையிலிருந்து இரண்டு சீட் கிடைத்தது. நடுவில் ஒரு விமானம் மாறி, புதன்கிழமை காலை எட்டரைக்கு ஃபுகுவோகாவில் இறங்கலாம். அங்கிருந்து ககோஷிமாவுக்கு புல்லட் ரயிலில் ஒன்றரை மணி நேரம். டிக்கெட்டை உறுதி செய்யும்போதே இன்னொரு திரையில் வானிலை வரைபடம் திறந்திருந்தது. கடலில் ஒரு வெள்ளைச் சுழல், அதே தென்கோடியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. "அங்க புயல் வருதும்மா" என்று நான் மெதுவாகச் சொன்னேன். அஞ்சலையம்மா திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "வரட்டுமே. அவன் கண்ணத் தொறக்கும்போது எதுர்ல யாரு நிக்கணும்? நான்தான நிக்கணும்?"

வெயில் அடிக்கிற ஊரில் ரயிலை நிறுத்துவார்கள்

அதே வாரத்தில் எங்கள் சுற்றுலாக் குழு ஒன்றும் அங்கே இருந்தது. பதினான்கு பேர். அவர்களுக்குத் தாமாகவே தலைவர் ஆனவர் தணிகாசலம் சார், ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி. செவ்வாய்க்கிழமை அவர்கள் ககோஷிமாவுக்கு வடக்கே, எரிமலை பார்க்கிற ஊரான குமமோட்டோவில் இருந்தார்கள். அன்று காலை ரயில் நிறுவனத்தின் அறிவிப்பு வந்துவிட்டது: நாளை நண்பகலோடு அந்தப் பக்கம் ரயில்கள் ஓடாது. ஜப்பானில் அப்படித்தான். புயல் வந்து மரம் விழுந்தபிறகு நிறுத்துவதில்லை. முந்தின நாளே, எந்த மணிக்கு எந்த ரயிலோடு நிறுத்தப்போகிறோம் என்று பட்டியல் போட்டுவிடுவார்கள். நான் பாய் சொன்ன பாடத்தின்படி, நாளைக்கு இல்லை, புயல் தொடாத ஒசாகாவுக்கு இன்றைக்கே கிளம்புங்கள் என்று செய்தி அனுப்பினேன்.

அன்று எனக்கு மதியம்வரை விடுப்பு. அப்பா அம்மாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உப்பள வரப்பில் நின்றிருந்தேன். பக்கத்துப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. போன் வந்தது. தணிகாசலம் சார். "இங்க வெயில் மண்டையப் பொளக்குது. ஒரு பொட்டு மேகம் இல்ல. எரிமலையப் பாக்காம பொட்டி கட்டச் சொல்றியா?" என்று ஆரம்பித்தார். நான் அறிவிப்பைப் படித்துக் காட்டினேன். நாளைக் காலையிலும் ரயில் இருக்கிறதே என்றார். இருக்கிறது சார், ஆனால் எல்லோரும் அதில்தான் ஏறுவார்கள், நம்ப முடியாது என்றேன். "அதென்ன சத்தம்? எங்கம்மா இருக்க நீ?" என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது. "உப்பளத்துலங்க சார்" என்றேன்.

அவர் கூட இருந்தவர்களிடம், எனக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: "கேட்டீங்களா? உப்பளத்துல நின்னுக்கிட்டு இந்தப் பொண்ணு எனக்கு ஜப்பான் மழையச் சொல்லுது!"

மூன்று அட்டைகள்

மொழி தெரியாதவர்களைத் தனியாக அனுப்பும்போது நான் அட்டை எழுதிக் கொடுப்பேன். முன்பக்கம் ஜப்பானிய மொழியில் கொட்டை எழுத்தில் ஒரு வாக்கியம், பின்பக்கம் தமிழில் அதற்கு என்ன அர்த்தம். ஏழுமலைக்கு மூன்று எழுதினேன். முதலாவது டாக்ஸிக்காரரிடம் காட்ட: "எங்களை ஹகாட்டா ரயில் நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்." ஃபுகுவோகாவில் புல்லட் ரயில் நிற்கிற நிலையத்துக்கு அந்தப் பெயர். இரண்டாவது ரயில் நிலையத்தில் காட்ட: "ககோஷிமாவுக்கு இரண்டு டிக்கெட். எங்கள் மகன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான்." மூன்றாவது, எதுவும் சரிப்படாவிட்டால், ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிற ஒரு ஓட்டலின் பெயர். எட்டரைக்கு இறங்கினால் ஒன்பதரைக்கு வெளியே வந்துவிடலாம், நண்பகலுக்குள் மூன்று நான்கு ரயில் இருக்கிறது என்று நானும் பாயும் சேர்ந்து கணக்குப் பார்த்தோம். பாய் தன் பங்குக்கு, "நாலு வண்டி இருக்கு, தைரியமா அனுப்பு" என்றார்.

அஞ்சலையம்மா பையில் மகனுக்கு இரண்டு லுங்கி வைத்திருந்தார். ஆஸ்பத்திரித் துணி அவனுக்கு ஒத்துக்கொள்ளாதாம். ஏழுமலை அட்டைகளை வாங்கி, சட்டைப்பையில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். எனக்கு அப்பா வயது. என்னிடம் விடைபெறும்போது எழுந்து நின்றார். "நீ ஏறச் சொல்ற எடத்துல ஏறுவோம், எறங்கச் சொல்ற எடத்துல எறங்குவோம். எங்களுக்கு அங்க வேற யாரத் தெரியும், சொல்லு?"

பத்து நாற்பது

இரண்டாவது விமானம் தாமதமாகக் கிளம்பியது. புதன்கிழமை ஜப்பான் நேரம் பத்து நாற்பதுக்குத்தான் ஏழுமலை வெளியே வந்து எனக்குப் போன் செய்தார். நமக்குக் காலை ஏழு பத்து. நான் ஆபீஸுக்கு வருகிற பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன், பஸ் அப்போதுதான் கூனிமேட்டைத் தாண்டியது. ரயில் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ககோஷிமாவுக்கு இன்னும் இரண்டு ரயில். ஒன்று பதினொன்று பத்துக்கு. அதைப் பிடிக்க முடியாது. இன்னொன்று பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு. அதன் எதிரே, சிவப்பில், இன்றைய கடைசி ரயில் என்று போட்டிருந்தது.

நான் அப்போது என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு டாக்ஸியில் இருபது நிமிடம். நேரம் இருந்தது. நேரம் இல்லை என்று நான் நினைக்கவே இல்லை. அந்த ரயில் வராது என்று நினைத்தேன். வந்தாலும், காற்று முற்றி, நடுவழியில் ஏதோ ஒரு மலைச் சுரங்கத்துக்குள் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். சர்க்கரை வியாதிக்காரரான அஞ்சலையம்மா பாஷை தெரியாத பெட்டியில் இருட்டில் உட்கார்ந்திருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. ஓடாத வண்டிகளை எனக்கு நிறையத் தெரியும். சொன்ன நேரத்துக்கு ஓடுகிற கடைசி வண்டியை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. பாய்க்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்து, போடவில்லை.

"ஐயா, ரயில் இல்லைங்க. மூணாவது அட்டையக் காட்டுங்க. ஓட்டல்ல தங்கிடுங்க. புயல் தாண்டினதும் மொத ரயில்ல போயிடலாம்" என்றேன். ரயில் இல்லை என்றேன். கடைசி ரயில் ஒன்று இருக்கிறது, அதை நான் நம்பவில்லை என்று சொல்லவில்லை. நம்பிக்கைக் குறைவு என்னுடையது, தகவல் அவருக்குச் சேரவேண்டியது; இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல் போயிற்று. பஸ் பிரேக் போட்டதில் பக்கத்திலிருந்த அம்மாவின் மேல் சாய்ந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து அமைதியாகப் பதில் வந்தது: "சரிம்மா. நீ சொன்னா சரிதான்."

ஓடிய ரயில்

எட்டரைக்கு ஆபீஸ் திறந்ததும் முதல் வேலையாக அந்த ரயிலைத் தேடினேன். ஜப்பானில் ஒவ்வொரு ரயிலும் இப்போது எங்கே இருக்கிறது என்று திரையில் பார்க்கலாம். பதினொன்று ஐம்பத்தொன்றுக்குக் கிளம்பியிருந்தது. ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஏழுமலை அதற்கு அரை மணி நேரம் முன்பே, ரயில் நிலையத்தை ஒட்டிய அந்த ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். நான் மேசையில் உட்கார்ந்து, ஒரு சின்னப் பச்சைப் புள்ளி ஒவ்வொரு நிலையமாகத் தெற்கே இறங்குவதைப் பார்த்தேன். எங்காவது நின்றுவிடாதா என்று பார்த்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் வேண்டிக்கொண்டேன். நின்றால் நான் சொன்னது சரியாகிவிடும் அல்லவா? அந்த ரயிலில் ஏறியிருந்த யாரைப் பற்றியும் எனக்கு அப்போது கவலை வரவில்லை.

ககோஷிமாவில் அது சேர்ந்த சில நிமிடங்களில் தினேஷ் போன் செய்தான். ஏழுமலை அவனிடம் என் நம்பரைக் கொடுத்துவைத்திருந்தார்; அன்றுதான் அவனோடு முதன்முதலாகப் பேசினேன். கடைசி ரயிலில் வந்துவிடுவார்கள் என்று அவனாகவே ஸ்டேஷனுக்கு வந்திருந்தான்; பின்னால் காற்று இரைந்துகொண்டிருந்தது. அவர்கள் எந்தப் பெட்டியில் வருகிறார்கள், எல்லோரும் இறங்கிவிட்டார்களே, காணோமே என்று கேட்டான். நான் ஓட்டலில் தங்கவைத்த விஷயத்தைச் சொன்னேன். கடைசி ரயில் நிச்சயமில்லை என்று பயந்துவிட்டேன் என்றேன். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அக்கா, இங்க கடைசி ரயில்னு போட்டா அது வரும்கா. வராததுன்னா பட்டியல்லயே இருக்காது. நான் ரெண்டு கொட எடுத்தாந்து நிக்கறேன்கா."

பாய் சொன்னது

அன்று மதியம் பஷீர் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நமாஸுக்குப் போகக் கிளம்பியவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். என் திரையைத் தன் பக்கம் திருப்பி, ரயில் சேர்ந்த நேரத்தை இரண்டு தடவை பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். வேலை போய்விடும் என்றுகூட நினைத்தேன். அந்த நேரத்திலும் அப்படி ஒரு நினைப்பு வந்ததை மறைக்க விரும்பவில்லை.

அவர் எழுந்து போகும்போது என் மேசையைத் தட்டிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அது உண்மையா, ஆறுதலுக்குச் சொன்னதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை. "நானா இருந்தாலும் அதத்தாம்மா சொல்லியிருப்பேன். ஆனா நான் பஸ்லேர்ந்து எறங்கிச் சொல்லியிருப்பேன்."

நடந்தால் எத்தனை நாள்

வியாழக்கிழமை முழுவதும் புயல் அந்தத் தெற்கு முனையை விட்டு நகரவில்லை. ரயில் இல்லை, பஸ் இல்லை, நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். டாக்ஸி பிடிக்கலாமா என்று ஓட்டலுக்கே போன் செய்து, எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, மூன்று தடவை மன்னிப்புக் கேட்டு, முடியாது என்றார். ஏழுமலையும் அஞ்சலையம்மாவும் காலையிலிருந்து கீழே வரவேற்பறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், சாப்பிடக் கொடுத்தாலும் சாப்பிடவில்லை, என்ன சாப்பிடுவார்கள் என்று என்னிடம் கேட்டார். வெறும் சோறும் உப்பும் கொடுங்கள் என்றேன்.

ஏழுமலை ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போன் செய்தார். என்னைக் குறை சொல்லவில்லை. ரயில் விட்டாச்சா என்பார், இன்னும் இல்லைங்க என்பேன், சரி என்று வைத்துவிடுவார். நம் நேரத்துக்குப் பத்து மணி இருக்கும்; அந்தத் தடவை அவர் ரயிலைப் பற்றிக் கேட்கவில்லை. சாலை கடற்கரை ஓரமாகப் போகிறதா, மலைமேல் போகிறதா என்று கேட்டார். எதற்குங்க என்றேன். "இல்லம்மா, நடந்து போனா எத்தினி நாளு ஆவும்? நான் மட்டும் போறேன், அவ இங்கயே இருக்கட்டும்."

யார் சொல்வது

வியாழன் பிற்பகல் இரண்டரை மணிக்கு, அங்கே மாலை ஆறு, தினேஷ் என்னைக் கூப்பிட்டான். விக்னேஷ் போய்விட்டான். புதன்கிழமை அந்த ரயிலில் ஏறியிருந்தால் அவர்கள் அவன் பக்கத்தில் ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்திருக்கலாம். அவன் கண்ணைத் திறந்திருக்கமாட்டான் என்று டாக்டர்கள் பிறகு சொன்னார்களாம். அந்தக் கையையாவது பிடித்திருக்கலாம் என்பதற்கு டாக்டர்களிடம் பதில் இருக்காது.

அவர்களிடம் நீயே சொல்லிவிடு தம்பி, நீதான் கூட இருந்தவன் என்று தினேஷிடம் கெஞ்சினேன். அவனுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. மூன்று நாளாகத் தூங்கவில்லை. அழுது முடித்த குரலில், ரொம்ப நிதானமாகப் பேசினான். நான் அதற்குப் பிறகு ஓட்டலுக்குப் போன் செய்ததையும், போனை எடுத்தவர் அஞ்சலையம்மாவாக இருந்ததையும் இங்கே எழுதப்போவதில்லை. தினேஷ் சொன்னதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அது நியாயம். "அவங்கள அங்க ஒக்கார வெச்சது நீங்கதானக்கா. நீங்களே சொல்லிடுங்க."

ஸ்வீட் பாக்ஸ்

வெள்ளிக்கிழமை மதியம் ரயில் விட்டார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேயே தகனம் செய்தார்கள். திரும்பி வருகிற டிக்கெட்டை நான்தான் தேதி மாற்றிக் கொடுத்தேன். கையில் அஸ்தி இருப்பதற்கான கடிதத்தை விமான நிறுவனத்துக்கு நானே எழுதினேன். அதில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. ஐந்து தடவை படித்துப் பார்த்தேன்.

அடுத்த வாரம் தணிகாசலம் சார் ஊர் திரும்பி, நேராக எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஸ்வீட் பாக்ஸ். குமமோட்டோவில் அவர்கள் தங்கியிருந்த ஓட்டலிலேயே இன்னொரு குழு, மறுநாள் போகலாம் என்று இருந்துவிட்டு, மூன்று நாள் அறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்ததாம். அவர் குழுவோ ஒசாகாவில் கோட்டை பார்த்து, கடைத்தெரு சுற்றி, குறித்த நாளில் விமானம் ஏறிவிட்டது. போனில் கத்தியதற்கு வருத்தம் தெரிவித்தார். பாய் எழுந்து பாக்ஸை வாங்கிக்கொண்டார். தணிகாசலம் சார் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் மாதிரிச் சொன்னார்: "ஒரு வண்டி முன்னாடியே ஏத்திவிட்ட பாரு, அதாம்மா புத்திசாலித்தனம். எப்பவும் இப்படியே ஜாக்கிரதையா இரு."

பொங்கல் டிக்கெட்

காரியம் முடிந்து சில நாள் கழித்து ஏழுமலை தனியாக வந்தார். மொட்டை போட்ட தலையில் முடி லேசாக முளைத்திருந்தது. விக்னேஷ் பொங்கலுக்கு ஊர் வருவதற்காக எங்களிடமே டிக்கெட் போட்டிருந்தான். எனக்கு அது நினைவில் இல்லை. அதை ரத்து செய்ய வேண்டும் என்றார். பணம் எவ்வளவு திரும்பும் என்று நான் பார்க்க ஆரம்பித்ததும் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "பொங்கலுக்கு அங்கேர்ந்து எத்தினி புள்ளைங்க ஊருக்கு வரணும்னு அலையும். அந்த எடம் காலியா பறக்கக்கூடாதும்மா. யாருனா ஒக்காந்து வரட்டும்." நான் ரத்து செய்தேன். திரையில் ஒரு இருக்கை காலியானது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை யாரோ எடுத்துவிட்டார்கள்.

பாய் வெளியே போயிருந்தார். ஏழுமலையிடம் அந்த ரயிலைப் பற்றிச் சொல்லாதே என்றுதான் அவர் எனக்குச் சொல்லியிருந்தார். அவருக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, உன் பாரத்தை இறக்க அவர் தோளைத் தேடாதே என்று. எனக்கு அது புரிந்தது. ஆனால் ஏழுமலை எதிரே உட்கார்ந்து, "உன்ன ரொம்ப சிரமப்படுத்திட்டோம்மா" என்று சொன்னபிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "ஐயா, அன்னிக்கு ஒரு ரயில் இருந்திச்சு. பதினொன்னு அம்பத்தொண்ணுக்கு. நான்தான் அது ஓடாதுன்னு நெனச்சு, ரயிலே இல்லன்னு சொல்லிட்டேன். அது ஓடுச்சு. போய்ச் சேந்துச்சு" என்றேன். அழக்கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன், அழவில்லை.

கீழே ரோட்டில் பாண்டிச்சேரி பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. ஏழுமலை நாற்காலியை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, யாரும் இல்லாத ஆபீஸில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தெரியும்மா. ஓட்டலுக்குப் போற வழியில ஸ்டேஷன் இருக்குது, ஜனங்க பொட்டியோட உள்ள ஓடுது, நான் பாத்தேன். அவ என் கையப் புடிச்சி இழுத்தா, ஏதோ வண்டி இருக்குது, கேட்டுப் பாக்கலாம் வாய்யான்னா. நான்தான் கத்துனேன், சும்மா இருடி, அது படிச்ச பொண்ணு, அதுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்னு. தினேஷ் தம்பி அப்புறம் சொல்லுச்சி வண்டி வந்து சேந்துதுன்னு. அவகிட்ட நான் அப்படிச் சொல்லல. அந்த ரயிலு பாதி வழியில மழையில நின்னுடுச்சி, ஏறியிருந்தா நாமளும் மாட்டிக்கினு இருப்போம்னு சொல்லி வெச்சிருக்கேன். அதனாலதான் ரெண்டு வாயி சோறு துன்றா. உனக்குப் பொய் சொல்ல வராதுன்னு பாத்தாலே தெரியுது, ஆனா எங்க ஊட்டுப் பக்கம் வந்தியினா மட்டும் நீயும் அதையே சொல்லணும்."

சொன்ன நிமிடத்துக்குக் கிளம்பி, சொன்ன நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்த ஒரு ரயில், கிளியனூர் பக்கத்தில் ஒரு வீட்டில் மட்டும் இன்னும் பாதி வழியில் மழையில் நின்றுகொண்டிருக்கிறது. அதை நகராமல் பார்த்துக்கொள்வதும் இப்போது என் மேசை வேலைதான்.